ஜெயித்தால் காசு வாபஸ்: பந்தயமா, இன்சூரன்ஸா, வெறும் தள்ளுபடியா?

நண்பர் ஒருவர் ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில் மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். சோபா, கட்டில், மெத்தை. பியர்லேண்ட் மீனாட்சி கோயிலில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது பேச்சை எடுத்தார்.

"அண்ணே, நம்ம ஊர் பேஸ்பால் டீம் ஆஸ்ட்ரோஸ் கப் அடிச்சா மெத்தைக் காசு மொத்தமும் வாபஸ்னு போர்டு வைக்கப் போறேன். மேக் பண்றார்ல, அதே மாதிரி."

"மேக் கூடவே கோடிக்கணக்குல பந்தயமும் கட்டுறாரே?"

"அது அவருக்குப் பைத்தியம்ணே. நான் போர்டு மட்டும்தான் வைப்பேன்."

எனக்குத் தோசை இறங்கவில்லை. பைத்தியம் என்று அவர் ஒதுக்கிய பாதிதான் அந்த வியாபாரத்துக்குப் பூட்டு. அதை விட்டுவிட்டுப் போர்டை மட்டும் எடுத்துக்கொண்டால் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிற மாதிரி. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இதே கேள்வியை வேறு சில கடைக்காரர்களும் கேட்டிருப்பதால் கணக்காகவே எழுதிவிடுகிறேன்.

மேக் என்ன செய்கிறார்

ஜிம் மேக்கிங்வேல் 1981-இல் ஹூஸ்டனில் கேலரி ஃபர்னிச்சர் கடையைத் தொடங்கியவர். ஊரில் 'மேட்ரஸ் மேக்' என்றால்தான் தெரியும். டிவி விளம்பரத்தில் நோட்டுக் கட்டோடு எகிறிக் குதிப்பார். குறிப்பிட்ட தொகைக்கு மேல் சாமான் வாங்குங்கள், இந்த அணி ஜெயித்தால் உங்கள் காசு உங்களுக்கே என்பதுதான் அவருடைய ஆஃபர். அதோடு அதே அணி ஜெயிக்கும் என்று சட்டப்பூர்வமான பந்தய நிறுவனங்களில் தன் பணத்தைக் கட்டுவார். அணி ஜெயித்தால் பந்தயத்தில் வரும் பணம் வாடிக்கையாளருக்குப் போகும். தோற்றால் பந்தயப் பணம் போச்சு, விற்ற காசு கல்லாவில் நிற்கும்.

2014 சூப்பர் பவுலில் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம்) 6,000 டாலருக்கு மேல் வாங்கியவர்களுக்கு, சீஹாக்ஸ் அணி ஜெயித்தால் வாபஸ் என்றார். பந்தயச் சந்தை எதிரணி பிரான்கோஸ் பக்கம் சாய்ந்திருந்தது. சீஹாக்ஸ் 43-8 என்று துவைத்து எடுத்தது. சுமார் 70 லட்சம் டாலர் திருப்பிக் கொடுத்தார். 2017-இல் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றபோது ஒரு கோடி டாலருக்கும் மேல். 2019-இல் ஆஸ்ட்ரோஸ் மீதே, மிசிசிப்பி மாநிலம் போய் ஒரே பந்தயச் சீட்டில் 35 லட்சம் டாலரை ஒன்றுக்கு 2.2 என்ற விகிதத்தில் (ஜெயித்தால் கட்டிய ஒரு டாலருக்கு 2.2 டாலர் லாபம்) கட்டினார். மற்ற சீட்டுகளையும் சேர்த்தால் கோடி டாலரைத் தாண்டும். ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஜெயித்தது, மொத்தமும் காலி. 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில் சின்சினாட்டி பெங்கால்ஸ் மீது 95 லட்சம். எதிரணி ராம்ஸ் 23-20 என்று ஜெயித்தது. அதுவும் காலி.

அதே 2022 நவம்பரில் உலகத் தொடரில் ஆஸ்ட்ரோஸ் ஃபில்லீஸ் அணியை ஆறு ஆட்டங்களில் முடித்தது. சுமார் ஒரு கோடி டாலர் கட்டியிருந்த மேக்குக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடி வந்தது. அதில் மூன்று கோடி, மே மாதமே சீசர்ஸ் என்ற பந்தய நிறுவனத்தில் ஒன்றுக்குப் பத்து விகிதத்தில் கட்டிய 30 லட்சத்தால் வந்தது. அந்த வருஷ ஆஃபரில் 3,000 டாலருக்கு மேல் வாங்கியவர்களுக்கு இரட்டிப்பாக வாபஸ் என்று சொல்லியிருந்தார்.

எதை வைத்து எடை போடுவது

ஆஃபர் எவ்வளவு கவர்ச்சி என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, அணி ஜெயித்தால் கடை உயிரோடு இருக்குமா என்பது. அடுத்து, அணி தோற்றாலும் கைவிட்டுப் போகும் பணம் விற்பனையில் எத்தனை சதவீதம்? எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே தெரியாதபோது பாதுகாப்பை எந்த அளவுக்கு வாங்குவது? வரிக் கணக்கில் அந்தச் செலவு செலவாக ஏற்கப்படுமா? இவற்றுக்குப் பிறகுதான் விளம்பரம். சட்டம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வழி ஒன்று: பந்தயம் கட்டி ஈடு செய்வது

இதுதான் மேக்கின் வழி. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதில் சூதாட்டம் அநேகமாக இல்லை.

ஆஃபரில் 10 லட்சம் டாலருக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். அணி ஜெயித்தால் 10 லட்சம் திருப்ப வேண்டும். ஒன்றுக்குப் பத்து விகிதம் கிடைக்கும்போது 91,000 டாலர் கட்டினால், ஜெயித்த அன்று கட்டியதும் சேர்ந்து 10 லட்சம் வரும். அதை அப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாம். உங்களுக்குப் போனது 91,000. தோற்றாலும் போவது அதே 91,000. அணி என்ன ஆனாலும் உங்கள் செலவு மாறவில்லை. பெயர்ப்பலகையில் 'எல்லாம் இலவசம்' என்று இருக்கிறது, உண்மையில் நீங்கள் கொடுத்தது 9 சதவீதத் தள்ளுபடி.

அந்தச் சதவீதம் எப்போது கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எகிறும்:

| பந்தய விகிதம் | 10 லட்சம் விற்பனைக்குக் கட்ட வேண்டியது (டாலர்) | உண்மையான தள்ளுபடி |
|---|---|---|
| ஒன்றுக்குப் பத்து | 91,000 | 9% |
| ஒன்றுக்கு ஐந்து | 1,66,700 | 17% |
| ஒன்றுக்கு 2.2 | 3,12,500 | 31% |
| ஒன்றுக்கு 1.7 | 3,70,400 | 37% |
| சரிக்குச் சரி | 5,00,000 | 50% |

2019-இல் அவர் மிசிசிப்பியில் கட்டியது இந்தப் பட்டியலின் மூன்றாவது வரி. பெங்கால்ஸ் மீது கட்டியது நான்காவது வரி. 2022-இல் ஜெயித்த பணம் முழுக்க வாடிக்கையாளருக்குப் போனதாக வைத்துக்கொண்டால், இரட்டிப்பு வாக்குறுதி என்பதால் அதற்கு அடியில் இருந்த விற்பனை தோராயமாக 3.75 கோடி. கட்டியது ஒரு கோடி. ஆக, கால்வாசிக்குச் சற்று மேலான தள்ளுபடி. மரச்சாமானில் மார்ஜின் (விற்ற விலையில் கடைக்கு மிஞ்சும் பங்கு) அகலம், தாங்கும். மளிகைக் கடையோ டிவி கடையோ அதில் பாதியைக்கூடத் தாங்காது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இவை கொஞ்சம் நீளம்.

விற்பனை எப்போது குவியும்? அணி ஜெயிக்க ஆரம்பித்த பிறகு. விகிதம் எப்போது சரியும்? அதே அணி ஜெயிக்க ஆரம்பித்த பிறகு. ஏப்ரலில் வராத கூட்டம் அக்டோபரில் வரும். ஏப்ரலில் ஒன்றுக்குப் பத்து கொடுத்தவன் அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்றரைதான் கொடுப்பான். முன்கூட்டியே நிறையக் கட்டினால் விற்பனை வராமல் போகலாம், அப்போது உங்கள் கையில் இருப்பது ஈடு அல்ல, அசல் சூதாட்டம். காத்திருந்து கட்டினால் தள்ளுபடி 40 சதவீதத்தைத் தொடும். மேக் வசந்த காலத்திலிருந்து பல தவணைகளில், பல நிறுவனங்களில் கட்டுவதும், ஆஃபருக்குக் கடைசித் தேதி வைப்பதும் இதனால்தான்.

உள்ளூர் அணி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. ரசிகர்கள் எல்லோரும் அந்த அணி மீதே கட்டுவார்கள், பந்தய நிறுவனம் விகிதத்தைக் கொஞ்சம் இறுக்கி வைக்கும். அந்த இறுக்கம் உங்கள் தலையில். உங்கள் மனசும் அந்த அணியோடுதான் இருக்கும், 'இந்த வருஷம் நம்மளுதுதான்' என்று தேவைக்கு மேல் கட்டத் தோன்றும். மேக் ஒவ்வொரு முறையும் கணக்கோடு மட்டும் நின்றாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதர் ரசிகர்தானே.

அடுத்தது வரி. அமெரிக்க வரிச் சட்டத்தில் பந்தய நட்டத்தைப் பந்தய வருமானத்துக்கு எதிராக மட்டுமே கழிக்க முடியும். 2026 வரியாண்டு முதல் அந்த நட்டத்திலும் 90 சதவீதம்தான் கணக்கில் வரும். 'இது சூது இல்லை சார், விளம்பரச் செலவு' என்று வருமான வரித் துறையிடம் வாதாடிப் பார்க்கலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பி 91,000 டாலர் கட்டுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி கிடையாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் மத்தியத் தடையை நீக்கி மாநிலங்களின் கையில் விட்டது, டெக்சஸ் இன்னும் கதவைத் திறக்கவில்லை. அதனால்தான் மேக் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலமான லூசியானாவின் எல்லையைத் தாண்டி, அங்கே நின்று கைபேசியில் கட்டுவார். பெங்கால்ஸ் மீது முதலில் போட்ட 45 லட்சம் டாலர் அப்படிக் கைபேசியில் தட்டியதுதான்.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது செய்தி. இன்சூரன்ஸ் பிரீமியத்துக்குச் செக் எழுதுவதை எந்த டிவியும் காட்டாது. 45 லட்சத்தை ஒருவர் போனில் தட்டினால் நாடு முழுக்கக் காட்டும். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, ஆட்டத்தின்போது ஒரு தடவை, தோற்ற பிறகு 'மேக் இவ்வளவு இழந்தார்' என்று இன்னொரு தடவை. பந்தய நிறுவனமே உட்கார்ந்து பரப்பும், அதற்கும் விளம்பரம்தானே.

ஆனால் அந்த விளம்பரம் அவருக்குக் கிடைக்கிறது என்பதால் உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நாற்பது வருஷமாக ஊர் பார்த்த முகம் அது. 2017-இல் ஹார்வி புயலில் ஊரே மூழ்கியபோது ஷோரூமைத் திறந்துவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளில் ஜனங்களைப் படுக்க வைத்தவர். அந்தப் பெயருக்கு மேல்தான் பந்தயச் செய்தி உட்காருகிறது. நம் நண்பர் 91,000 டாலர் கட்டினால் அவர் மனைவிக்கு மட்டும்தான் அது செய்தி.

*யாருக்குப் பொருந்தும்:* மார்ஜின் 40 சதவீதத்துக்கு மேல், கையில் சும்மா கிடக்கும் ரொக்கம், ஏற்கெனவே ஊரறிந்த பெயர், சீசன் தொடங்கும்போதே கட்டும் பொறுமை. நான்கும் இருந்தால்.

வழி இரண்டு: இன்சூரன்ஸ்

இதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. டல்லஸில் உள்ள எஸ்சிஏ புரமோஷன்ஸ் அப்படி ஒன்று, 1986-இல் பாப் ஹாமன் என்ற பிரிட்ஜ் சீட்டாட்ட உலக சாம்பியன் தொடங்கியது. நிகழ்தகவை விரல்நுனியில் வைத்திருப்பவருக்குப் பொருத்தமான தொழில்தான். 'பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கூடையில் போட்டால் பத்து லட்சம்' மாதிரியான பரிசுகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட நிறுவனங்கள்தான் இருக்கும்.

மரச்சாமானில் பேர்போன உதாரணம் பாஸ்டன் பக்கத்து ஜோர்டன்ஸ் ஃபர்னிச்சர். 2007 மார்ச் 7 முதல் ஏப்ரல் 16 வரை வாங்கியவர்களுக்கு, உள்ளூர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் அந்த வருஷ உலகத் தொடரை வென்றால் சாமான் இலவசம் என்று அறிவித்தார்கள். அக்டோபரில் ரெட் சாக்ஸ் நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றது. கடைக்குச் சேதம் இல்லை, முன்பே காப்பீடு எடுத்திருந்தார்கள். ஜோர்டன்ஸ் 1999 முதல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் வசம் இருக்கிறது. இன்சூரன்ஸில் காசு பார்த்த முதலாளியின் கடை, தன் ஆஃபருக்கு இன்சூரன்ஸ் எடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தேதிகளைக் கவனியுங்கள். சீசனுக்கு முன்பே ஆரம்பித்த ஆஃபர், சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே முடிந்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர் அப்படித்தான் கேட்பார். ஆஃபர் தேதி, அதிகபட்ச விற்பனை, வாக்குறுதியின் வாசகம், எல்லாம் முன்பே எழுத்தில். எல்லையைத் தாண்டி விற்றால் அந்த மிச்சம் உங்கள் பாடு. அக்டோபரில் கூட்டம் வந்தால் 'ஆஃபர் முடிஞ்சிருச்சு' என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

பிரீமியத்தில் அவர்களுடைய செலவும் லாபமும் ஏறியிருக்கும், ஆகவே பந்தயத்தைவிட விலை பெரும்பாலும் கூடுதல்தான். ஆனால் அது சாதாரண வியாபாரச் செலவு, வரிக் கணக்கில் தகராறு இல்லை. லூசியானாவுக்குக் கார் ஓட்ட வேண்டியதும் இல்லை.

காசு கொடுக்க வேண்டிய நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் நுணுக்கி நுணுக்கிப் படிப்பார் என்பதற்கும் எஸ்சிஏவே சாட்சி. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் டூர் டி ஃபிரான்ஸ் வென்றால் கிடைக்கும் போனஸுக்கு அவர்கள் காப்பீடு தந்திருந்தார்கள். 2004 வெற்றிக்கான 50 லட்சம் டாலரை, ஊக்கமருந்துக் குற்றச்சாட்டைச் சொல்லி நிறுத்தினார்கள். வழக்காடி 2006-இல் 75 லட்சம் கொடுத்துச் சமாதானமானார்கள். 2013-இல் அவரே வாயால் ஒப்புக்கொள்ள, 2015-இல் நடுவர் குழு ஆம்ஸ்ட்ராங் தரப்பு ஒரு கோடி கொடுக்க வேண்டும் என்றது. சந்தேகப்பட்டது சரிதான் என்று கடைசியில் ஆனது. ஆனால் நடுவில் இரண்டு வருஷம் காத்திருந்தது காப்பீடு எடுத்தவர். உங்கள் வாடிக்கையாளர் இரண்டு வருஷம் காத்திருப்பாரா?

*யாருக்குப் பொருந்தும்:* முதல் தடவை செய்பவர், ஒரே கடை வைத்திருப்பவர், ராத்திரி தூங்க ஆசைப்படுபவர்.

வழி மூன்று: ஈடே இல்லாமல் வாக்குறுதி

நண்பரின் முதல் யோசனை இதுதான். எல்லா நேரத்திலும் இது முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் சீனாவின் வாட்டி என்ற அடுப்பு, கீசர் நிறுவனம், பிரான்ஸ் ஜெயித்தால் குறிப்பிட்ட 'சாம்பியன்' தொகுப்புக்கு மட்டும் காசு வாபஸ் என்றது. பிரான்ஸ் ஜெயித்தது. திருப்ப வேண்டியது சுமார் 7.9 கோடி யுவான். ஆஃபர் காலத்தின் மொத்த விற்பனையோ நூறு கோடி யுவான் அளவில். எல்லாப் பொருளுக்கும் வாக்குக் கொடுக்காமல் ஒரு தொகுப்புக்கு மட்டும் கொடுத்ததால், மொத்த விற்பனையில் எட்டு சதவீதத்தோடு கதை முடிந்தது. அதிலும் பெரும்பங்கு விற்பனையாளர்கள் தலையில்.

எல்லை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1992-இல் பிரிட்டனில் ஹூவர் செய்தது இருக்கிறது. நூறு பவுண்டுக்கு வாக்யூம் கிளீனர் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம். ஜனங்கள் வாக்யூம் கிளீனரை டிக்கெட்டுக்காக வாங்கினார்கள். நிறுவனத்துக்கு ஐந்து கோடி பவுண்டு அளவில் அடி.

*யாருக்குப் பொருந்தும்:* ஒரே பொருளுக்கு, 'முதல் ஐம்பது பேருக்கு' என்று எண்ணிக்கை வைத்து, மொத்தமும் திரும்பினாலும் சொந்தக் காசில் கொடுக்க முடியும் என்றால். ஐம்பது மெத்தை 1,000 டாலர் வீதம் 50,000. அது வங்கிக் கணக்கில் இருக்கிறதா? இருந்தால் செய்யலாம்.

வழி நான்கு: பேசாமல் தள்ளுபடி

பத்து சதவீதம் குறைத்துவிட்டுப் போகலாம். சட்டச் சிக்கல், வக்கீல், லூசியானா எதுவும் வேண்டாம். யாரும் பேசவும் மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் மறுநாளே பன்னிரண்டு குறைப்பார். இருந்தாலும் மார்ஜின் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் கடைக்கு இதைத்தான் சொல்வேன்.

சட்டம், சுருக்கமாக

பரிசு, அதிர்ஷ்டம், அதற்காகக் கொடுத்த காசு: மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க மாநிலங்களில் அது லாட்டரி. கொடுத்த காசுக்கு மெத்தை முழு மதிப்போடு கையில் வந்துவிட்டதே என்பதுதான் இந்த ஆஃபர்களின் வாதம். விலையை ஏற்றிவிட்டு ஆஃபர் போட்டால் அந்த வாதம் கிழிந்துவிடும். வக்கீலுக்குக் கொடுக்கும் சில நூறு டாலரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஊரிலிருந்து, 'ஐபிஎல்-க்கு நாங்களும் போடலாமா' என்று கேட்பவர்களுக்கு: முதல் வழி உங்களுக்கு இல்லவே இல்லை. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்தாலும் கேட்டு வாங்க முடியாது. 2025-இல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. விற்பனையைப் பெருக்க அதிர்ஷ்டப் போட்டி நடத்துவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் முறையற்ற வணிகப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆக மற்ற வழிகளையும் வக்கீலிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

நண்பர் என்ன செய்தார்

அவர் கடையின் மார்ஜின் 35 சதவீதத்தைத் தாண்டாது. கையிருப்பு ரொக்கம் மேக்கின் ஒரு பந்தயச் சீட்டின் வட்டிக்குக்கூட ஆகாது. இரண்டாவது வழியைக் கேட்டுப் பாருங்கள், கட்டுப்படி ஆகாவிட்டால் மூன்றாவதை ஐம்பது மெத்தையோடு நிறுத்துங்கள் என்றேன்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். கல்லா மேஜையில் இன்சூரன்ஸ் விண்ணப்பம் விரித்துக் கிடந்தது. 'ஆஃபர் காலத்தில் எதிர்பார்க்கும் அதிகபட்ச விற்பனை' என்ற கட்டத்தில் 8 லட்சம் என்று எழுதி அடித்திருந்தார். அதற்கு மேலே 3 லட்சம், அதையும் அடித்திருந்தார். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் இதே மாசம் எவ்வளவு வித்தோம்ணே? உங்ககிட்டதானே கணக்கு இருக்கு?"